எட்டும் எட்டும் பதினைந்து

நீதிமன்றத்து லிஃப்ட் கெட்டுப்போனது யாருடைய குற்றமும் இல்லை. அதற்கு வயதாகிவிட்டது. பழுது பார்க்க வந்த லிஃப்ட்காரர், வேண்டிய உதிரிப் பாகம் வரும்வரை இருக்கட்டும் என்று கதவில் ஓர் அட்டையை மாட்டிவிட்டுப் போனார். 'நாளை சரியாகிவிடும்' என்று அதில் எழுதியிருந்தது. அவர் எத்தனையோ கட்டடங்களில் மாட்டிய அட்டைதான். எங்கேயும் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ஆனால் இங்கே நீதிபதிக்கு முழங்கால் வலி. மூன்றாவது மாடிக்குத் தினமும் படியேறிய அவர், ஏறுவதற்கு முன்பு தினமும் அந்த அட்டையைப் படித்தார். நேற்றைக்கு நாளையாக இருந்தது இன்றைக்கும் நாளையாகவே இருப்பதை ஒரு மாதம் கவனித்துவிட்டு, நீதிமன்ற வளாகத்துக்குள் எழுத்து மூலம் பொய் சொன்னதற்காக லிஃப்ட்காரரை வரவழைத்தார். என்ன சொல்கிறாய் என்று கேட்டதற்கு, "நாளைக்குக் கண்டிப்பா சரி பண்ணிடுறேன் ஐயா" என்றார் லிஃப்ட்காரர். அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை. பதினைந்து நாள் சிறை என்று தீர்ப்பானது.

அவர் உள்ளே போனது ஒரு வெள்ளிக்கிழமை. அவருடைய மனைவி ஒரு பேக்கரியில் கேக்கின் மேல் பெயர் எழுதுகிறவர். அங்கே எல்லாருக்கும் அவர் கிரீம் அக்கா. எவ்வளவு நீளமான பெயரையும் எவ்வளவு சின்னக் கேக்கிலும் கோணாமல் எழுதிவிடுவார். கிரீம் அக்கா ஒரு நாள் அழுதார், ஒரு நாள் புருஷனைத் திட்டினார், அதன் பிறகு கணக்குப் போட்டார். அடுத்த வெள்ளி வந்தால் எட்டு நாள். அதற்கடுத்த வெள்ளி வந்தால் பதினைந்து நாள். ஊரில் எல்லாரும் எண்ணுகிற மாதிரிதான் அவரும் எண்ணினார்.

அந்த இரண்டாவது வெள்ளிக்கு அடுத்த திங்கட்கிழமை சாயங்காலம் அவர்களுடைய ஒரே மகள் ரயில் ஏற வேண்டும். எங்கேயோ தூரத்தில் கப்பல் கட்டும் இடத்தில் படம் வரையும் வேலை கிடைத்திருந்தது. மூன்று வருட ஒப்பந்தம். நடுவில் விடுப்பு என்ற பேச்சே கிடையாது. புதன்கிழமை காலையில் போய் நிற்காவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். மகளோ சின்ன வயசிலிருந்தே அப்பா பிள்ளை. வெள்ளிக்கிழமை அப்பா வந்துவிடுவார், மூன்று நாள் கூட இருக்கலாம் என்று அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில், இஸ்திரி போட்ட சட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு கிரீம் அக்கா சிறைக்குப் போனார். வாசல் காவலர் அவரை இடது பக்கம் இருந்த நாள் கணிப்புப் பிரிவுக்கு அனுப்பினார். கைதிகளை அடைப்பது வேறு பிரிவு, சோறு போடுவது வேறு பிரிவு. யார் எத்தனை நாள் இருந்தார்கள் என்று சொல்வதற்கென்றே தனியாக ஒரு பிரிவு வேண்டும் என்று யாருக்கு எப்போது தோன்றியதோ தெரியாது. தோன்றிய பிறகு அதை மூடுவதற்கு யாருக்கும் தோன்றவில்லை.

அறையில் இரண்டு மேசை, ஒரு பெஞ்சு, காற்றைவிடச் சத்தத்தை அதிகமாகத் தரும் ஒரு மின்விசிறி. சுவரில் கண்ணாடிப் பெட்டிக்குள் தினசரிக் காலண்டர் ஒன்று பூட்டி வைக்கப்பட்டிருந்தது. அதில் வியாழக்கிழமை என்று இருந்தது. கிரீம் அக்கா விஷயத்தைச் சொன்னதும், இங்கே இன்னும் வியாழக்கிழமைதான், வெள்ளிக்கிழமை வந்த பிறகு பேசுங்கள் என்று மேசைகளில் இருந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். எப்போது வரும் என்று கேட்டதற்குப் பத்து மணிக்கு மேல் ஆகும் என்றார்கள். அவர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

பத்தே கால் மணிக்குத் தலைமைக் கணிப்பாளர் சாவியுடன் வந்தார். எல்லாரும் எழுந்து நின்றார்கள். கிரீம் அக்காவும் நின்றார். தலைமைக் கணிப்பாளர் பெட்டியைத் திறந்து தாளைக் கிழித்தார். ஒருவர் புதுத் தேதியை உரக்கப் படித்தார், இன்னொருவர் அதைத் திருப்பிச் சொன்னார். கிழித்த தாளின் பின்புறம் மூவரும் கையெழுத்திட்டுக் கோப்பில் வைத்த பிறகுதான் அந்த அறையில் வெள்ளிக்கிழமை பிறந்தது. தெருவில் அது பிறந்து வெகு நேரமாகியிருந்தது என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை.

மேசைக்குப் பின்னால் இருந்த இளம் கணிப்பாளர் கோப்பைப் புரட்டிவிட்டு, லிஃப்ட்காரருக்கு இன்னும் ஒரு நாள் பாக்கி இருக்கிறது என்றார். இன்றைக்கோடு பதினைந்து நாள் முடிந்துவிட்டதே என்றார் கிரீம் அக்கா.

"பதினஞ்சு நாள்னா என்னம்மா? ரெண்டு வாரம். ஒரு வாரத்துக்கு எத்தனை நாள்?"

"எட்டு நாள்" என்றார் கிரீம் அக்கா, பேச்சுவழக்கில் எல்லாரும் சொல்வது போல.

"எட்டும் எட்டும்?"

"பதினஞ்சு."

கணிப்பாளர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "பதினாறும்மா. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகூடச் சொல்லும்."

கிரீம் அக்கா மறுபடி எண்ணிப் பார்த்தார். கொஞ்சம் யோசித்து, வாரத்துக்கு ஏழு நாள்தானே சார் என்று கேட்டார். கணிப்பாளருக்குக் கோபம் வரவில்லை. இந்தக் கேள்விக்கு அவர் பல வருடங்களாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். எட்டு நாள் கழித்து வா என்றுதான் மக்கள் பேசுகிறார்கள், ஏழு நாள் கழித்து வா என்று யாராவது பேசுகிறார்களா? இது மக்களின் பேச்சுக்கு மதிப்புக் கொடுக்கும் பிரிவு. எண்ணுவதில் மக்களைப் பின்பற்றுகிறோம், கூட்டுவதில் மட்டும் எங்கள் அறிவைப் பயன்படுத்துகிறோம் என்றார். பிறகு ஒரு தாளில் பட்டை பட்டையாகக் கோடு போட்டுக் காட்டினார்.

"நடுவுல ஒரு வெள்ளிக்கிழமை இருக்கு பாருங்க. முதல் எட்டுக்கு அது கடைசி நாள். ரெண்டாவது எட்டுக்கு அதுவே முதல் நாள். இதுக்குப் பேரு ரெட்டை நாள். அந்த நாளை உங்க வீட்டுக்காரர் ரெண்டு தடவை இருந்திருக்கணும். ஆனா ஒரே தடவைதான் இருந்திருக்கார். ஒரு காலைச் சாப்பாடு, ஒரு மதியச் சாப்பாடு. ரெண்டு தடவை தூங்கி எழுந்ததா எங்கயும் பதிவு இல்ல."

"ஒரு நாளை எப்படி சார் ரெண்டு தடவை இருக்கறது?"

"அதை அவர்கிட்டதான் கேக்கணும்."

மற்றவர்கள் எல்லாம் எப்படி இரண்டு தடவை இருக்கிறார்கள் என்று கேட்டார் கிரீம் அக்கா. மற்றவர்களும் இருப்பதில்லை என்று கணிப்பாளர் ஒப்புக்கொண்டார்; அதனால்தான் இங்கிருந்து யாரும் சொன்ன தேதிக்கு வெளியே போவதில்லை என்றும் விளக்கினார். சரி, நாளைக்குச் சனிக்கிழமை ஒரு நாள் இருந்துவிட்டு வரட்டுமே என்று கிரீம் அக்கா மனசைத் தேற்றிக்கொண்டு கேட்டார். அது முடியாது. பாக்கி இருப்பது வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைப் பாக்கியை வெள்ளிக்கிழமையில்தான் தீர்க்க முடியும். இன்றைய வெள்ளியோ பதினைந்தாவது நாளாக ஏற்கெனவே செலவாகிவிட்டது. ஆக, அடுத்த வெள்ளி.

அடுத்த வெள்ளிக்குள் மகள் போய்விடுவாள். கிரீம் அக்கா அந்த அறையிலேயே நின்று அழுதார். அழுகிறவர்களுக்கு என்று அங்கே ஒரு நடைமுறை இருந்தது: தலைமைக் கணிப்பாளரிடம் அனுப்பிவிடுவார்கள்.

தலைமைக் கணிப்பாளர் நல்ல மனிதர். அப்படித்தான் எல்லாரும் சொன்னார்கள், அவரும் சொன்னார். கிரீம் அக்காவை உட்காரச் சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, மகளைப் பற்றிய முழு விவரத்தையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு கண்ணைத் திறந்து பேசினார்.

"வெளிய இருக்கிற உங்களுக்கு நாள் தானாப் போகுதும்மா. தூங்கினாலும் போகுது, சும்மா கிடந்தாலும் போகுது. இங்க அப்படி இல்ல. இங்க ஒரு நாள் போகணும்னா நாங்க அதைக் கழிக்கணும். நாங்க கழிக்காத நாள் போகவே போகாது. எவ்வளவு பெரிய பொறுப்பு பாருங்க. முப்பது வருஷத்துக்கு மேல இந்த நாற்காலியில இருக்கேன். எனக்கு ரிட்டயர்மென்ட் வயசு எப்பவோ வந்துடுச்சுன்னு கீழ பேசிக்கிறாங்க. கணக்குப் போடாம பேசறவங்க. என் சர்வீஸை நானேதான் கணிக்கிறேன். ஒவ்வொரு எட்டுக்கும் அடுத்த எட்டுக்கும் நடுவுல ஒரு ரெட்டை நாள் வருதே, அதை எல்லாம் நான் ரெண்டு தடவை வேலை பாக்கவே இல்ல. மனசாட்சிப்படி அத்தனை நாளையும் ஈடு கட்டிட்டுத்தானே போகணும்? ஈடு கட்டுற நாளுக்கும் ரெட்டை நாள் வருது. நான் என்ன செய்ய?"

கிரீம் அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் தலையை ஆட்டினார். நாலு பேருக்கு நல்லது செய்கிற இடத்தில் இருப்பவரிடம் தலையாட்டி வைப்பது நல்லது என்று அவருக்குத் தெரியும்.

அது பலித்தது. தலைமைக் கணிப்பாளர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து, ஒரு பக்கத்தைத் தேடிப் பிடித்து, கிழமை மாற்று ஆணை என்று ஒன்று இருப்பதாகச் சொன்னார். மிக அபூர்வமாகத்தான் கொடுப்பார்களாம். நாளைய சனிக்கிழமையை லிஃப்ட்காரர் ஒருவருக்கு மட்டும் வெள்ளிக்கிழமையாக அறிவித்துவிடலாம். பாக்கி வெள்ளி நாளைக்கே தீர்ந்துவிடும். அதற்கடுத்த வேலை நாள் திங்கட்கிழமை; அன்று காலையில் அழைத்துக்கொண்டு போகலாம். சாயங்காலம்தானே ரயில்?

கிரீம் அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். கொண்டுவந்த சட்டையைக் காவலரிடம் கொடுத்து, திங்கட்கிழமை போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், மகளை ஏற்றிவிட அப்படியே ஸ்டேஷனுக்குப் போகலாம் என்று சொல்லி அனுப்பினார். மகளிடம் போய், தலைமைக் கணிப்பாளரைப் போல ஒரு மனுஷனைப் பார்க்க முடியாது என்றார். அது உண்மைதான்.

சனிக்கிழமை காலையில் லிஃப்ட்காரரின் அறைக்கு ஆணை வந்து சேர்ந்தது. அவரோடு அந்த அறையில் ஒரு சைக்கிள் திருடரும் இருந்தார். ஆணை லிஃப்ட்காரருக்கு மட்டும்தான் என்பதால், அறைக்கு நடுவே சாக்பீஸால் கோடு போட்டு, ஒரு பக்கச் சுவரில் 'இங்கு வெள்ளி' என்று அட்டை மாட்டினார்கள். நேற்றும் வெள்ளிதானே என்று லிஃப்ட்காரர் கேட்டார். உள்ளே இருக்கிறவர்களுக்கு எண்ணிக்கை தவறுவது சகஜம் என்றார் காவலர். இன்றைக்குச் சனிக்கிழமைதான், இவர்கள் உன்னை ஏமாற்றுகிறார்கள் என்று சைக்கிள் திருடர் அடித்துச் சொன்னார். லிஃப்ட்காரர் யோசித்துப் பார்த்தார். ஒரு பக்கம் சைக்கிள் திருடரின் வாய். இன்னொரு பக்கம் முத்திரை குத்தி மாட்டிய அட்டை. அட்டையை யாராவது பொய்யாக எழுதி மாட்டுவார்களா? அவர் அட்டையை நம்பினார்.

சிக்கல் சாப்பாட்டு நேரத்தில் வந்தது. வெள்ளிக்கிழமை மதியம் கைதிகளுக்கு முட்டை உண்டு, சனிக்கிழமை கிடையாது. ஆகவே லிஃப்ட்காரருக்கு ஒரு முட்டை வர வேண்டும். ஆனால் அந்தத் தாழ்வாரத்துக் காவலருக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை. கோட்டுக்கு அந்தப் பக்கம் கால் வைத்தால் விடுமுறை நாளில் வேலை செய்ததாக ஆகும் என்று அவர் மறுத்துவிட்டார். மேலிடத்தில் கேட்டதில், சனிக்கிழமையில் நின்றுகொண்டே தட்டை வெள்ளிக்கிழமைக்குள் தள்ளலாம் என்று வழிகாட்டினார்கள். தள்ளிய வேகத்தில் முட்டை தட்டிலிருந்து உருண்டு சனிக்கிழமைக்கே திரும்பிவிட்டது. சனிக்கிழமையில் முட்டைக்கு இடமில்லை என்பதால் அதைத் தொட யாருக்கும் அதிகாரம் இல்லை. அதிகாரிகள் அதைச் சுற்றி நின்று பேசிக்கொண்டிருந்தபோது சைக்கிள் திருடர் அதை எடுத்துச் சாப்பிட்டுவிட்டார். நடந்ததை எல்லாம் வைத்துப் பார்க்கும்போது, அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் எடுக்கப்பட்ட ஒரே தெளிவான முடிவு அதுதான்.

திங்கட்கிழமை காலையில் அம்மாவும் மகளும் சேர்ந்தே சிறைக்குப் போனார்கள். மகள் புதுச் செருப்பு போட்டிருந்தாள். தாள் கிழித்தாகி, அறையில் திங்கட்கிழமை பிறந்த பிறகு, இளம் கணிப்பாளர் ஆணையைப் படித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பிறகு அவர்களைத் தலைமைக் கணிப்பாளரிடம் அழைத்துப் போனார். அவர் முகத்தில் உண்மையாகவே வருத்தம் இருந்தது.

சனிக்கிழமையை லிஃப்ட்காரருக்கு வெள்ளியாக மாற்றினார்கள். வெள்ளிக்கு அடுத்த நாள் சனி. ஆகவே நேற்று, ஞாயிறன்று, அவருக்குச் சனி. சனிக்கு அடுத்த நாள் ஞாயிறு. ஆகவே இன்றைக்கு அவருக்கு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமைகளில் யாரையும் விடுதலை செய்வதில்லை. நாளைக்கு அவருக்குத் திங்கட்கிழமை வந்துவிடும், வந்ததும் முதல் வேலையாக அனுப்பிவிடுவோம் என்றார் தலைமைக் கணிப்பாளர். மறுபடி மாற்ற முடியாதா என்று கிரீம் அக்கா கேட்டார். ஒருவருக்கு ஒரு முறைதான் ஆணை. கண்டபடி மாற்றினால் காலண்டருக்கு என்ன மரியாதை?

கிரீம் அக்கா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மகள்தான் பேசினாள். விடுதலை செய்ய வேண்டாம், ஐந்து நிமிஷம் கம்பிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போகிறேன் என்றாள்.

"ஞாயித்துக்கிழமை பார்வையாளர் கிடையாதும்மா."

"எனக்கு இன்னிக்குத் திங்கக்கிழமை சார்."

"உங்களுக்குத் திங்கள்தான். பாக்கிறது ரெண்டு பேர் சேர்ந்து செய்யற காரியமாச்சே. அப்பாவுக்கு ஞாயிறு."

மகள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். "அப்போ நேத்து அப்பாவுக்குச் சனிக்கிழமை. நேத்து வந்திருந்தா பாத்திருக்கலாமா?"

"தாராளமா. சனிக்கிழமை பார்வையாளருக்கு அனுமதி உண்டு" என்றார் தலைமைக் கணிப்பாளர். "ஆனா நேத்து ஆபீசுக்கு ஞாயிறு. கதவு பூட்டியிருக்கும்."

இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. கொஞ்சமாவது சிரித்திருந்தால் அந்தப் பெண் அவர் மேசையைப் புரட்டிப் போட்டிருப்பாள். பாவம், அவரால் முடிந்ததை எல்லாம் செய்துவிட்ட நிம்மதியோடு அவர் உட்கார்ந்திருந்தார். அப்படிப்பட்டவரை என்ன செய்ய முடியும்? மகள் அம்மாவின் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு வெளியே வந்தாள். வாசலுக்கு வந்து, கட்டடத்தின் எல்லா ஜன்னல்களையும் ஒன்றுவிடாமல் பார்த்தாள். எதில் அப்பா இருக்கிறார் என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் பார்த்து ஒரு முறை கையை அசைத்துவிட்டு நடந்தாள்.

நான் போகமாட்டேன் என்று மகள் ரயில் நிலையத்தில் அழுதாள். போகாமல் இருந்தால் உங்க அப்பா என்னைத்தான் திட்டுவார் என்று கிரீம் அக்கா அவளைத் தள்ளாத குறையாக ஏற்றிவிட்டார். வண்டி நகர்ந்தபோது அவருக்கு அந்த அலுவலகத்தின் மேல் வந்த ஆத்திரத்தில், மகளைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. அதை நினைத்து ராத்திரி முழுக்க இன்னொரு ஆத்திரம்.

செவ்வாய்க்கிழமை காலையில் லிஃப்ட்காரர் வெளியே வந்தார். முகம் மழித்து, தலை வாரி, மனைவி கொடுத்தனுப்பிய சட்டையைப் போட்டிருந்தார். கையில் விடுதலைச் சான்றிதழ் இருந்தது. உள்ளே இருந்ததில் கொஞ்சம் இளைத்திருந்தார். மனைவியைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக வேகமாக நடந்து வந்தார்.

"பாப்பா வரலையா? பெட்டி கட்டிட்டு இருக்காளா? வா வா, வண்டிக்கு இன்னும் நேரம் கிடக்கு. மதியம் மூணு பேரும் வீட்டுல உக்காந்து சாப்பிட்டுட்டு நிதானமா கிளம்பலாம்."

கிரீம் அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. உள்ளே யாரும் அவரிடம் சொல்லவில்லை. "என்னங்க, இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை" என்றார்.

லிஃப்ட்காரர் சிரித்தார். சான்றிதழை விரித்துக் காட்டினார். திங்கட்கிழமை என்று முத்திரையோடு போட்டிருந்தது. "நீயும் அந்த சைக்கிள்காரன் மாதிரியே சொல்றியே. எழுதியே கொடுத்திருக்காங்க பாரு." மனைவியின் முகம் மாறாததைப் பார்த்து, வாசல் காவலரிடம் திரும்பி, இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார். காவலர் சான்றிதழை வாங்கிப் படித்தார். பின்னாலிருந்த கட்டடத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"உங்களுக்குத் திங்கள்தான் சார்" என்றார். "எனக்குச் செவ்வாய்."

லிஃப்ட்காரர் மனைவியைப் பார்த்தார். கிரீம் அக்கா எல்லாவற்றையும் சொன்னார். மகள் நேற்று இந்த வாசலுக்கு வந்ததையும், ஜன்னல்களைப் பார்த்துக் கையசைத்ததையும் சொன்னார். எந்த நேரம் என்று லிஃப்ட்காரர் கேட்டார். பதினொரு மணி இருக்கும் என்றார். அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருந்தேன், ஞாயிற்றுக்கிழமைதானே என்று படுத்துவிட்டேன் என்றார் அவர்.

சான்றிதழை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இருவரும் சாலைக்கு வந்து பேருந்துக்கு நின்றார்கள். இரண்டு பேருந்துகள் வந்து போயின. அவர் ஏறவில்லை, கிரீம் அக்காவும் அவசரப்படுத்தவில்லை.

"மூணு வருஷத்தை எந்த நாள்ல இருந்து எண்ணணும்?" என்று கேட்டார் லிஃப்ட்காரர். "அவ போன நாளைச் சேக்கணுமா, சேக்கக் கூடாதா?"

"சேத்துக்குங்க" என்றார் கிரீம் அக்கா. "நேத்தையும் சேத்துக்குங்க, இன்னிக்கையும் சேத்துக்குங்க. ரெண்டு நாள் கழிஞ்சு போச்சு."

லிஃப்ட்காரர் தலையை ஆட்டிவிட்டு, இரண்டு விரலை மடக்கினார்.